கொட்டாங்குச்சி ஜல்லியும் சில ஜல்லியடிப்புகளும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஒட்டடை எல்லாம் அடிச்சுட்டு இப்பத்தான் உட்கார்ந்திருக்கேன். மறுபடி எழுத வெச்ச புண்ணியவான் என் மச்சினன். பொள்ளாச்சிப் பக்கம் அஞ்சு ஏக்கர் தோப்பு, ரோட்டோரம் ஒரு தார்சு வீடு, கைல ஒரு போன். அந்தப் போன்தான் பிரச்சினை.

போன மாசம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பின்னணியில் வீரமான மியூசிக். கல்லே இல்லாத கான்கிரீட்டாம், விவசாயக் கழிவில் வீடாம், பாதி எடை, பாதி செலவாம், உலகத்தையும் காப்பாத்துமாம். நான் வழக்கம்போல பார்க்காம விட்டுட்டேன். ராத்திரி போனே வந்துடுச்சு.

"மாமா, வீடியோ பாத்தீங்ளா? கீழ போட்ட அஸ்திவாரம் ஒரு தளத்துக்குத்தான் தாங்கும், மேல எடுக்காதேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இப்பத்தான் தொட்டிலயே கான்கிரீட் வந்துருச்சாமா. எடையே இல்லையாமா. அப்ப மேல ஒரு வீடு எடுத்துக்கலாமுங்ளா?"

(தொட்டின்னா எங்க ஊர்ல தேங்காய்த் தொட்டி. சென்னைக்காரங்களுக்கு கொட்டாங்குச்சி, நெல்லை, குமரி, ஈழத்து மக்களுக்கு சிரட்டை. குளிக்கிற தொட்டி இல்லீங்கோ.)

பக்குனு ஆயிடுச்சு. வீடியோ எடுத்தவனுக்கு லைக் போச்சுன்னா போச்சு. இவன் கீழ்வீட்ல என் அக்கா மாதிரி நினைக்கிற மாமியாரும் ரெண்டு குழந்தைகளும் தூங்கறாங்க. அதனால இந்தப் பதிவு. கட்டுமான சைட்ல இருபது வருசத்துக்கு மேல சிமெண்ட் தூசி தின்னவன் எழுதறது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்குங்க. கணக்கு பிடிக்காதவங்க நேரா பின்னூட்டத்துக்குப் போய் கும்மலாம்.

முதல்லயே ஒண்ணு. கொட்டாங்குச்சி கான்கிரீட் பொய் இல்லை. அதை வெச்சு வேலை செஞ்ச ஆராய்ச்சியாளர்கள் மேல எனக்கு மரியாதை உண்டு. காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் குணசேகரனும் அவர் கூட்டாளிகளும் 2011-ல் வெளியிட்ட கட்டுரை உலகம் பூரா இந்த விசயத்தில் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒழுங்கான வேலை. கல் ஜல்லியை மொத்தமாக எடுத்துவிட்டு, உடைத்த கொட்டாங்குச்சியைப் போட்டு, 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 26.7 நியூட்டன் வலு கொண்டு வந்தார்கள். கன மீட்டருக்கு 2,000 கிலோவுக்குள் எடை. சாதாரண கான்கிரீட் 2,400. அடிச்சு நொறுக்கிப் பார்க்கிற சோதனையில் கொட்டாங்குச்சி கருங்கல்லைவிட நல்லாவே தாங்குது, அது நார்ப்பிடிப்பு உள்ள பொருள் இல்லையா.

மலேசியாவில் இதுக்கு முன்னாடியே செம்பனைக் கொட்டையின் ஓட்டை வெச்சு இதே வேலை நடந்தது. சபா மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 2003-ல் 59 சதுர மீட்டரில் ஒரு சின்ன வீடும், 2 மீட்டர் நீளத்தில் ஒரு நடைபாலமும் கட்டிக் காட்டினார்கள். வருசத்துக்கு 2,500 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற கடலோரம். ஆக, முடியும். முடியாதுன்னு நான் சொல்லவே இல்லை.

என் சண்டை வீடியோவில் சொல்லாம விட்டதோடதான். அது அந்தக் கட்டுரையிலேயே பளிச்சுனு எழுதியிருக்கு. ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் எவ்வளவு? 510 கிலோ.

கட்டிட வேலையில் இருக்கிறவங்களுக்கு இந்த இடத்தில் புருவம் ஏறியிருக்கும். மத்தவங்களுக்கு விளக்கறேன். 26.7-ன்னு லேப்ல வந்தா அது எம்25 கான்கிரீட் இல்லை. லேப்ல வர்றது சராசரி. சைட்ல ஒரு மூட்டை நல்லாருக்கும், ஒரு பாண்டு தண்ணி கூடிடும். அதனால நம்ம ஐ.எஸ். 456 என்ன சொல்லுதுன்னா, உனக்கு 20 வேணும்னா சராசரியா 26.6 வர்ற மாதிரி கலவை போடு, அப்பத்தான் எங்கியாவது இறங்கினாலும் 20-க்குக் கீழ போகாது (20 கூட்டல் 1.65 பெருக்கல் 4). ஆக இந்த 26.7 என்பது எம்20-ஐ நூலிழையில் தொடுது. அதே எம்20-ஐ கருங்கல் ஜல்லியில் ஒழுங்கா டிசைன் பண்ணினால் 320 கிலோ சிமெண்ட் சுற்றி முடிஞ்சுடும். கல்லை எடுத்ததுக்கு நாம கொடுக்கிற விலை கன மீட்டருக்கு 190 கிலோ கூடுதல் சிமெண்ட்.

அதே ஐ.எஸ். 456, 2000-ஆம் வருடத் திருத்தத்தில், சிமெண்ட் 450 கிலோவைத் தாண்டாதே என்றும் சொல்லியிருக்கு. தாண்டினால் காயும்போது சுருங்கி விரிசல் விடும், ஆரம்பச் சூட்டில் விரிசல் விடும், அதுக்கெல்லாம் டிசைன்ல தனியா வழி பண்ணிட்டுத் தாண்டுன்னு சொல்லுது. எங்க ஊர்ல எந்த மேஸ்திரி அந்த வழி பண்ணப் போறார்?

ஏன் இவ்வளவு சிமெண்ட் தின்னுது? கருங்கல் ஜல்லி ரெண்டு பக்கமும் சொரசொரன்னு இருக்கும், சிமெண்ட் பிடிச்சுக்கும். கொட்டாங்குச்சி உள்பக்கம் வழுவழுன்னு இருக்கும். சின்ன வயசுல அதுல அகப்பை செஞ்சது எதுக்கு? ஒட்டாதுங்கறதுக்கும் சேர்த்துத்தானே. அப்புறம் அதோட வடிவம், வளைஞ்ச சில்லு. ஒண்ணு மேல ஒண்ணு அழகா உட்காராது, இடைவெளி விழும். அந்த இடைவெளியை எல்லாம் மணலும் சிமெண்ட்டும்தான் நிரப்பணும்.

இன்னொண்ணு, தண்ணி. கருங்கல் ஜல்லி தன் எடையில் நூத்துக்கு ஒண்ணுகூடக் குடிக்காது. கொட்டாங்குச்சி 24 குடிக்கும். ஒரு கன மீட்டர் கலவையில் 330 கிலோ கொட்டாங்குச்சி போகுதுன்னா, காய்ஞ்சதை அப்படியே கொட்டினால் 80 லிட்டர் தண்ணி வரைக்கும் உறிஞ்சிக்கிற தாகத்தோட உள்ள போகும். அதனால முந்தின நாளே 24 மணி நேரம் ஊற வெச்சு, மேல் ஈரத்தை மட்டும் துடைச்ச பதத்தில் போடணும். லேப்ல பசங்க துணியால துடைப்பாங்க. சைட்ல ரெண்டு டன் கொட்டாங்குச்சியை யார் துடைக்கிறது? ஒரு பாண்டு ஊறினது, ஒரு பாண்டு ஊறாதது, ஒரு பாண்டு சொட்டச் சொட்ட. 0.42 தண்ணி விகிதம் அன்னிக்கு மத்தியானமே செத்துப் போயிடும்.

சரி, மச்சினன் கேட்ட கேள்விக்கு வர்றேன். எடை.

600 சதுர அடி வீடு. 5 இஞ்ச் தளம். கான்கிரீட் 7 கன மீட்டர். சாதாரண கான்கிரீட்னா 17 டன். கொட்டாங்குச்சி கான்கிரீட்னா 14 டன். மிச்சம் 3 டன். அப்பாடான்னு இருக்கா? இருங்க. மேல வீடுன்னா தளம் மட்டுமா? 9 இஞ்ச் செங்கல் சுவர், 10 அடி உயரம், வெளிச்சுவர் உள்சுவர் எல்லாம் சேர்த்து 40 மீட்டர் நீளம். ஜன்னல் கதவைக் கழிச்சாலும் 45 டன். அதுக்கு மேல மொட்டைமாடிச் சுருக்கி ஒரு 8 டன், தரைக்கு டைல்ஸும் கலவையும் 5 டன். மொத்தம் 75 டன். கொட்டாங்குச்சி மிச்சம் பண்ணிக் கொடுத்தது அதில் நூத்துக்கு நாலு. எழுபத்தஞ்சு டன் தாங்காத அஸ்திவாரம் எழுபத்திரண்டு டன்னை மட்டும் எப்படித் தாங்கும்? நான் இதைப் போன்ல சொன்னப்ப அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

உண்மையிலேயே எடை குறைக்கணும்னா பார்க்க வேண்டியது சுவர். இப்ப எல்லா ஊர்லயும் கிடைக்கிற ஏஏசி பிளாக், நுரை மாதிரி லேசா இருக்குமே, அதை 8 இஞ்ச்ல கட்டினா பூச்சோட சேர்த்து 20 டன்னுக்குள்ள அடங்கும். 25 டன் மிச்சம். அதுவும் கடையில் போய் வாங்கற பொருள், ஆராய்ச்சி இல்லை. ஆனா அதுக்கு வீடியோ போட்டா யார் பார்க்கிறா? அதுல தேங்காய் இல்லை, விவசாயி இல்லை, கண்ணீர் இல்லை.

இன்னொரு விசயமும் வீடியோல வராது. இந்த மாதிரி ஓடு போட்ட கான்கிரீட் நசுங்காது, ஆனா நல்லா வளையும். செம்பனை ஓட்டுக் கான்கிரீட்டின் விறைப்பு சாதாரண கான்கிரீட்டின் பாதிகூட இல்லைன்னு அளந்திருக்காங்க. அதாவது அதே தளம், அதே கனம், ஆனா ரெண்டு மடங்குக்கும் மேல தொய்யும். தொய்ஞ்சா கீழே விரிசல், டைல்ஸ் கிளம்பும், ஜன்னல் இறுகும். இதுக்காகத் தளத்தைத் தடிமனாக்கினால் மிச்சம் பிடிச்ச எடை திரும்ப வந்து உட்கார்ந்துக்கும்.

செலவு? ஜல்லி இன்னிக்கு கிலோ ஒரு ரூபாய் சுற்றித்தான். தேங்காய்த் தொட்டி கிலோ பத்து ரூபாய்க்குக் கீழ நான் கேள்விப்பட்டு ரொம்ப வருசமாச்சு. பத்துன்னே வெச்சுக்குவோம். கன மீட்டருக்கு ஜல்லி 1,200 ரூபாய், தொட்டி 3,300. கூடுதல் சிமெண்ட் மூட்டை 350-ன்னு போட்டா இன்னொரு 1,300. பாதி செலவுன்னு சொன்னவரை நேர்ல பார்த்தா என்கிட்ட அனுப்பி வைங்க.

இங்கதான் எனக்கு நிஜமா எரிச்சல் வருது. 'விவசாயக் கழிவு'. யாருக்குங்க கழிவு? காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் வந்து ஒரு தொட்டியைத் தெருவில் போட்டுப் பாருங்க, சாயங்காலம் இருக்காது. களத்துல கொப்பரை எடுத்த அன்னிக்கே தொட்டிக்கு லாரி நிக்கும். அது கரியாகும், கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் ஆகும், உங்க வீட்டுத் தண்ணி ஃபில்டருக்குள்ள வந்து உட்காரும். தங்கச் சுரங்கத்தில் கரைசலில் இருந்து தங்கத்தைப் பிடிக்கிறதும் அதுதான். ஏற்றுமதியாகிற சரக்கு. தொட்டிக்கரி சுடற இடங்களால கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு இந்தப் பக்கம் ஊர் ஊரா போராட்டமே நடந்திருக்கு. கழிவுன்னு சொல்லப்படுகிற பொருளுக்கு இவ்வளவு அடிதடியா?

மலேசியாவிலும் அதே கதைதான். செம்பனை ஓட்டை ஆலைகளே கொதிகலனில் எரிக்கும். மிச்சத்தை ஜப்பானில் மின்சாரம் தயாரிக்க எரிபொருளா வாங்கிட்டுப் போறாங்க. 1980-கள்ல ஆராய்ச்சி ஆரம்பிச்சப்ப அது நிஜமாவே மலைமாதிரி குவிஞ்ச குப்பை. இன்னிக்கு விலை போட்ட சரக்கு. கட்டுரையோட முதல் பத்தி மட்டும் மாறவே இல்லை, 'குவிந்து கிடக்கும் கழிவு' என்றே இன்னும் ஆரம்பிக்கும்.

அளவையும் பாருங்க. 7 கன மீட்டருக்கு 2,300 கிலோ தொட்டி. ஒரு காயில் 120 கிராம் தொட்டின்னா, கிட்டத்தட்ட 20,000 காய். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு வருசம் 100 காய்னு வெச்சா, மூணு ஏக்கர் தோப்போட ஒரு வருச மகசூல் ஒரு தளத்துக்குள்ள போகும். மச்சினன் நினைச்சான், சொந்தத் தோப்புத் தொட்டியே போதும்னு. அவன் காயை உரிச்சு முழுசா வியாபாரிக்குப் போடறவன். அவன் தோப்புல மிஞ்சறது மட்டை. தொட்டி காயோட லாரி ஏறிப் போயிடுது :)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். இந்த வியாதி எனக்கும் இருந்தது. கடைசி வருச ப்ராஜக்ட்ல நாங்க நாலு பேர் எடுத்த தலைப்பு, கரும்புச் சக்கையைக் கான்கிரீட்டில் போடுவது. சாம்பல்கூட இல்லை, சக்கையேதான். சுமாரா காயவெச்சு, நறுக்கி, கலந்து, மோல்டுல போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டோம். மறுநாள் மோல்டைக் கழட்டினா அல்வா. சாஞ்சு உட்கார்ந்துடுச்சு. மூணாம் நாளும் அல்வாதான். லேப் அட்டெண்டர் அண்ணன் வந்து ஒரு விரலால குத்திப் பார்த்துட்டு, "ஏம்ப்பா, சர்க்கரை போட்டா சிமெண்ட் இறுகாதுன்னு மிக்ஸர் லாரி டிரைவருக்குக்கூடத் தெரியுமே" என்றார். அப்புறம்தான் தெரிஞ்சுது, லாரி வழியில் ரிப்பேராகி நின்னா உள்ள கான்கிரீட் கல்லாகாம இருக்க சர்க்கரை அள்ளிப் போடுவாங்களாம். மூட்டைக்கு ஒரு கைப்பிடி போதும்.

அப்புறம் என்ன ஆச்சு? சொல்லவே வெட்கமா இருக்கு. பக்கத்து பேட்ச் ரிப்போர்ட்டைப் பார்த்து நம்பர் போட்டோம். 5 சதவீதம் கலந்தா கொஞ்சம் ஏறும், 10-ல் உச்சம், 15-ல் இறங்கும். கிராஃப் அழகா ஒரு குன்று மாதிரி. எல்லாரும் பாஸ். அந்தக் குன்றை அதுக்கப்புறம் எத்தனை ப்ராஜக்ட்ல பார்த்திருக்கேன் தெரியுமா? நெல் உமி, கடலைத் தோல், பாக்கு மட்டை, புளியங்கொட்டை, எதைப் போட்டாலும் அதே 10 சதவீதத்தில் அதே குன்று. எல்லாரும் எங்களை மாதிரி பண்ணினாங்கன்னு சொல்லலை. ஆனா எனக்குச் சந்தேகப்பட உரிமை இருக்குல்ல, நானே திருடனாச்சே. 150 மில்லிமீட்டர் க்யூபோட கதை முடிஞ்சுடுது. அஞ்சு வருசம் கழிச்சு என்ன ஆச்சு, கம்பி துருப்பிடிச்சுதா, தளம் எவ்வளவு தொய்ஞ்சுது, அந்தக் கேள்விக்கெல்லாம் செமஸ்டர் பத்தாது.

இப்ப சூழல் ஆர்வலர்கள் ஆட்டோ அனுப்பறதுக்கு முன்னாடி அவங்க பக்கத்தையும் பேசிடறேன்.

கல் குவாரி கெடுதல்னு சொல்றீங்க. ஒத்துக்கறேன். கோவை, திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் குன்று குன்றா காணாமப் போனதைக் கண்ணால பார்த்தவன் நான். வெடிச் சத்தமும் தூசியும் விவசாயிக்கு என்ன பண்ணுதுன்னு தெரியும். ஆனா கல்லைக் குறைக்க முதல்ல எடுக்க வேண்டியது இடிச்ச கட்டிடத்தோட கான்கிரீட். 2016-ல் வந்த ஐ.எஸ். 383 அதை உடைச்சு ஜல்லியா போட அனுமதி கொடுத்தாச்சு. கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 வரைக்கும் 20 சதவீதம், கம்பியில்லாததில் 25. இடிச்ச சிமெண்ட் கட்டியை வாய்க்கால்லயும் குளத்துலயும் கொட்டிட்டு, கரிக்காரன் காசு கொடுத்து வாங்கற தொட்டியைக் கான்கிரீட்டில் புதைக்கிறதுக்குப் பேர் சுற்றுச்சூழலா?

அப்புறம் கரியமிலவாயு. கான்கிரீட்டோட பாவம் ஜல்லியில் இல்லை. ஜல்லி உடைக்க டன்னுக்குச் சில கிலோதான் ஆகும். பாவம் சிமெண்ட்ல இருக்கு, சுண்ணாம்புக்கல்லை வேக வெச்சா அதிலிருந்தே கரியமிலவாயு கிளம்பும், அடுப்புக்கு எரிக்கிறது தனி. ஒரு கிலோ சாதா சிமெண்ட்டுக்கு 850 கிராம் சுற்றி. உலகத்தோட மொத்தக் கரியமிலவாயுவில் நூத்துக்கு ஏழெட்டு சிமெண்ட்டால. நீங்க கூடுதலா போட்ட 190 கிலோவுக்கு 160 கிலோ வாயு. கல்லை எடுத்து மிச்சம் பிடிச்சது இருபதைத் தாண்டாது.

இதுக்கு ஒரு நல்ல பதில் இருக்கு, நானே சொல்லிடறேன். கொட்டாங்குச்சியில் கிட்டத்தட்ட பாதி கார்பன். 330 கிலோவைக் கான்கிரீட்டுக்குள் பூட்டி வெச்சா, வீடு நிக்கிற வரைக்கும் 600 கிலோ கரியமிலவாயு வெளியே போகாது, அது 160-ஐவிடப் பெரிசுதானேன்னு கேட்கலாம். கேட்டிருக்காங்க. கணக்கு சரிதான். ஆனா அந்தத் தொட்டி வேற யாருக்கும் வேண்டாம்னு மக்கவோ, எரிஞ்சு போகவோ கிடந்திருக்கணும். இங்க அப்படி இல்லையே. நீங்க தொட்டியை எடுத்தா அந்த ஃபில்டருக்கு நிலக்கரியிலிருந்து கார்பன் செய்வாங்க, அந்த அடுப்புக்கு வேற எதையாவது எரிப்பாங்க. பூட்டு உங்க வீட்ல, புகை பக்கத்து வீட்ல.

வாங்க ஆளில்லாத இடம்னா கதை வேற. கல்லே இல்லாத லட்சத்தீவு மாதிரி பவளத் தீவுகளில் ஜல்லி கப்பல்ல வரணும், தென்னை மட்டும் கொட்டிக் கிடக்கு. அங்க ஒருத்தர் இதைச் செய்யறேன்னா நான் வாயை மூடிக்குவேன். (அங்கயும் கூடுதல் சிமெண்ட் அதே கப்பல்லதான் வரணும், அது அவங்க கணக்கு.)

விவசாயக் கழிவு கான்கிரீட்டுக்குள்ள போகணும்னா எதுக்குப் பதிலா போகணும்? சிமெண்ட்டுக்குப் பதிலா போகணும். அப்படி ஒரு சரக்கு நம்ம கண்ணு முன்னாடியே கிடக்கு, உமிச் சாம்பல். ஒரு டன் நெல்லில் 200 கிலோ உமி, அதை எரிச்சா 40 கிலோ சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. 700, 800 டிகிரிக்கு மேல ரொம்ப நேரம் வேகாம பதமா எரிச்சு நைசா அரைச்சா, சிமெண்ட் கக்குற சுண்ணாம்போட சேர்ந்து அதுவும் இறுகும். பி. குமார் மேத்தா 1970-களிலேயே கலிபோர்னியாவில் இதை உட்கார்ந்து ஆராய்ஞ்சிருக்கார். நம்ம ஐ.எஸ். 456 உமிச் சாம்பலைப் பேர் சொல்லியே 2000-லேயே உள்ள விட்டாச்சு. கொட்டாங்குச்சிக்கு அந்தக் கௌரவம் இன்னும் கிடைக்கலை.

அப்ப ஏன் நடக்கலை? ரைஸ்மில் கொதிகலன் நெல் அவிக்கத்தான் எரியுது, சாம்பல் நல்லா வரணும்னு எரியலை. அதிகச் சூட்டில் வெந்து படிகமாயிடும், இல்லைன்னா அரைகுறையா வெந்து கறுப்பா கரியோட வரும். ரெண்டும் உதவாது. அந்த அடுப்பை மாத்தறதுதான் வேலை, காசு போட வேண்டிய இடமும் அதுதான். டெல்டாவிலும் காங்கேயத்திலும் மில்லு பக்கத்தில் பைக் ஓட்டினவங்களுக்குத் தெரியும், அந்தச் சாம்பல் இன்னிக்கு எங்க போகுதுன்னு. கண்ணுக்குள்ள போகுது. அடுப்பு மாத்தறதில் வீடியோவுக்கு அழகான காட்சி எதுவும் வராது, அதான் சங்கடம்.

தொட்டியை வீட்டுக்குள்ள கொண்டு வரணும்னு மச்சினனுக்கு அவ்வளவு ஆசைன்னா அதுக்கும் வழி இருக்கு, ஆனா உடைக்கக் கூடாது. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் மங்களூர் ஓடு வெச்சுத் தளம் போட்டார், கேள்விப்பட்டிருப்பீங்க. தளத்தோட கீழ்ப்பாதியில் இழுவிசையைக் கம்பிதான் தாங்குது, அங்க இருக்கிற கான்கிரீட் சும்மா கம்பியைப் போர்த்திக்கிட்டு இருக்கு. அதுல கொஞ்சத்தை எடுத்துட்டு ஓட்டை வை என்பது அவர் வழி. ஓட்டுக்குப் பதில் மண் சட்டி வெச்சவங்க உண்டு, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வெச்சவங்களும் உண்டு. 6 இஞ்சுக்கு ஒரு கம்பி ஓடுற கட்டத்துக்குள்ள ஒரு அரைத் தொட்டி கவிழ்த்தா, என் பேப்பர் கணக்குப்படி 600 சதுர அடிக்கு 2,000 சொச்சம் அரைத் தொட்டி. அதாவது 1,000 காய், 20,000 இல்லை. கான்கிரீட் பத்தில் ஒரு பங்கு குறையும், சிமெண்ட்டும் அதோட 4 மூட்டை குறையும். உடைச்சு ஜல்லியா போட்டா இதே தளத்துக்கு 26 மூட்டை கூடும். அதே கொட்டாங்குச்சி, அதே தளம். ஒண்ணுல கான்கிரீட்டுக்குப் பதிலா உட்காருது, இன்னொண்ணுல கல்லுக்குப் பதிலா உட்கார்ந்து சிமெண்ட்டைத் தின்னுது. இந்த வித்தியாசம் புரிஞ்சவங்களோட மட்டும்தான் இனிமே நான் இதைப் பத்திப் பேசறதா இருக்கேன்.

மச்சினன் கதை என்னாச்சுன்னு கேட்பீங்க. போன ஞாயித்துக்கிழமை நேர்ல போய் வீட்டு மூலையில் ஒரு குழி தோண்டிப் பார்த்தோம். கரிசல் மண். ரெண்டரை அடியிலேயே கல்கட்டு முடிஞ்சுடுச்சு, பக்கத்துச் சுவர்ல மேலருந்து கீழ வரைக்கும் ஒரு மயிர் விரிசல், அவன் பெயிண்ட் அடிச்சு மறைச்சு வெச்சிருந்தான். விரல் வெச்சுக் காட்டினேன். "அது போன மழைக்கு வந்ததுங்க மாமா" என்றான். மேல வீடு பேச்சை அதோட விட்டாச்சு. பின்னாடி காலியிடத்தில் தனியா தூண் எழுப்பி ஒரே ஒரு ரூம், ஏஏசி சுவர், தளத்துக்கு மட்டும் அவன் ஆசைக்குத் தொட்டி கவிழ்த்து. டிசைன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர்கிட்ட போயிருக்கு. களத்துக்காரர்கிட்ட அரைத் தொட்டி ரெண்டாயிரம் கேட்டிருக்கான். விலையைக் கேட்டுட்டு எனக்கு போன் பண்ணி, "இது கழிவுன்னு சொன்னது யாருங்க மாமா?" என்றான்.

டிஸ்கி: கேரளப் பக்கம் தொட்டி கவிழ்த்த தளத்தில் குடியிருக்கிற பதிவர் யாராவது இருந்தா பின்னூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்க. கான்கிரீட் கொட்டும்போது தொட்டி மிதந்து மேல வராம இருக்க எதை வெச்சு அழுத்தினீங்க? கம்பியில் கட்டினீங்களா, இல்லை அடியில் கலவை வெச்சு ஒட்டினீங்களா? அடுத்த மாசம் செண்ட்ரிங் அடிக்கிறோம்.